கைப்பேசி சொன்ன உடல்நலப் பாடம்

நாஞ்சில் நாட்டு வயலில் நாள் முழுதும் உழைத்தவருக்குச் சோறும் மரச்சீனிக் கிழங்கும் வலுவூட்டின. அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் இன்று நாற்காலியில் அமர்ந்து வேலை செய்கின்றனர். தட்டில் சோறு குறையவில்லை; உழைப்புக் குறைந்துவிட்டது. நீரிழிவு நோய் நுழையும் வாசல்களுள் இதுவும் ஒன்று.

1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் மா. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். வந்த நோயைக் கவனிப்பதே அக்காலத்தில் பெரும்பணி. வருமுன் தடுக்க முடியுமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது.

நோய்க்கு ஒரு முன்நிலை உண்டு. 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடித்த 2 மணி நேரத்தில், 100 மில்லிலிட்டர் குருதியில் சர்க்கரை 140 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும். 200-ஐ எட்டினால் நீரிழிவு. இடைப்பட்டவர்களே முன்நிலையினர். இத்தகைய 531 பேரை டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். 3 ஆண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 விழுக்காட்டினர் நோயாளிகளாயினர். உணவையும் நடையையும் தொடர்ந்து கவனித்து வழிகாட்டப்பட்டோரில் இது 39 விழுக்காடே.

ஆனால் ஒவ்வொருவரையும் தொடர்ந்து வழிநடத்த ஆட்களுக்கு எங்கே போவது? அப்பணியைக் கைப்பேசியிடம் கொடுத்துப் பார்த்தனர். 2009-இல் தொடங்கிய ஆய்வில் முன்நிலையிலுள்ள 537 ஆண்கள் சேர்ந்தனர். அனைவருக்கும் முதலில் நேரில் அறிவுரை கூறப்பட்டது. பின் ஒரு பாதியினருக்குக் கணினி வழியே குறித்த நேரத்தில் குறுஞ்செய்திகள் தாமாகவே சென்றன. நடக்க எண்ணாதவருக்கு ஒரு செய்தி; நடக்கத் தொடங்கியவருக்கு வேறொன்று. 2 ஆண்டுகளில் செய்தி பெற்றோரில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதோரில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு கண்டது. 2013-இல் இம்முடிவு வெளியாயிற்று.

கதை இத்துடன் முடியவில்லை. இந்தியாவிலும் பிரிட்டனிலும் 2,062 ஆண், பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. அதில் குறுஞ்செய்தியால் நோய் குறைந்ததென்று உறுதியாகக் கூற இயலவில்லை. இம்முறை ஆட்களைத் தேர்ந்தெடுத்த குருதிச் சோதனையும் வேறு. ஓரிடத்தில் பலித்தது எங்கும் பலிக்கும் என்று அறிவியல் எளிதில் ஒப்புவதில்லை.

2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழகத்தில் முதலிடம் பெற்றது குமரி மாவட்டம், 91.75 விழுக்காடு. இங்கே செய்தியைப் படிக்க ஆள் உண்டு. படித்தபின் எழுந்து நடப்பதைத்தான் எந்தக் கருவியும் நமக்காகச் செய்து தராது.