முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கான வேதிச்சிகிச்சை: ஒரு வரலாற்று நோக்கு (1975 – 2013)

ஆய்வுச் சுருக்கம்

கல்லீரலிலேயே தோன்றி முற்றிய புற்றுநோய்க்குக் கீமோதெரபி எனப்படும் வேதிச்சிகிச்சை எந்த அளவுக்குப் பயன்பட்டது என்பதை, 1975 முதல் 2013 வரை வெளிவந்த முதன்மையான மருத்துவ ஆய்வுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. கட்டி சுருங்குவதும் நோயாளியின் வாழ்நாள் நீள்வதும் ஒன்றல்ல என்பது இவ்வரலாற்றில் படிப்படியாகப் புலப்பட்டதை இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கல்லீரல் புற்றுநோய், வேதிச்சிகிச்சை, டாக்சோரூபிசின், சிரோசிஸ், மருத்துவ வரலாறு.

முன்னுரை

கல்லீரல் புற்றுநோயாளிகளுள் பெரும்பாலோர் இரு நோய்களை ஒருங்கே தாங்குவோர் ஆவர். ஹெபடைட்டிஸ் பி, சி வைரசுகளாலோ மதுவாலோ கல்லீரல் பல்லாண்டுகள் புண்பட்டுத் தழும்பேறுவதே சிரோசிஸ். பெரும்பாலும் அத்தழும்பேறிய கல்லீரலில்தான் புற்று தோன்றுகிறது. வேதிமருந்துகள் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றும் பொறுப்பும் கல்லீரலுடையதே. எனவே, கட்டியை அழிக்கச் செலுத்தும் மருந்தைத் தாங்கும் வலிமை அவ்வுறுப்புக்குக் குறைவாகவே உள்ளது. இச்சிகிச்சையின் வரலாற்றை இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும்.

உகாண்டா ஆய்வும் தொடக்க நம்பிக்கையும்

டாக்சோரூபிசின், 1960களில் இத்தாலியில் மண்வாழ் நுண்ணுயிரியிலிருந்து கண்டறியப்பட்ட மருந்தாகும். ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் ஏட்ரியாமைசின் என்றும் இது வழங்கப்பட்டது. இம்மருந்தைப் பெற்ற உகாண்டா நோயாளிகளுள் பெரும்பாலோர்க்குக் கட்டி சுருங்கியதாக 1975இல் ஒல்வெனி குழுவினர் அறிவித்தனர். ஆய்வுக்குட்பட்டோர் இருபதின்மருக்கும் குறைவு. மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. எனினும், வேறு வழியற்றிருந்த மருத்துவ உலகு இம்மருந்தை ஏற்றுக்கொண்டது. பின்வந்த ஆய்வுகளில் அந்த வெற்றி விகிதம் மீண்டும் கிட்டவில்லை.

ஹாங்காங் ஆய்வு: ஒரு திருப்பம்

மருந்து பெறாதோருடன் ஒப்பிடாமல் மருந்தின் பயனை உறுதிசெய்ய இயலாது. 1988இல் வெளியான ஹாங்காங் ஆய்வு இக்குறையை நீக்கியது. அறுவைக்கு இயலாத 106 நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, 60 பேர் டாக்சோரூபிசின் பெற்றனர். 46 பேர் புற்றுக்கெதிரான மருந்து எதுவும் பெறவில்லை. இடைநிலை வாழ்காலம் முறையே 10.6 வாரமும் 7.5 வாரமும் ஆகும். கட்டி பாதிக்கு மேல் சுருங்கியோர் 3.3 விழுக்காட்டினரே. மருந்து பெற்றோருள் 25 விழுக்காட்டினர்க்கு இரத்த நச்சுத்தொற்றும் இதயப் பாதிப்பும் உயிர்க்கொல்லியாயின. ஏறத்தாழ மூன்று வாரமே கூடுதலாகக் கிடைக்க, நால்வருள் ஒருவர் சிகிச்சையாலேயே உயிரிழக்க நேர்ந்தது என்பது இதன் பொருள்.

கூட்டு மருந்துகள்

தனிமருந்து போதாமையால் கூட்டு மருந்துகள் முயலப்பட்டன. சிஸ்பிளாட்டின், இன்டர்ஃபெரான், டாக்சோரூபிசின், ஃபுளுரோயுராசில் ஆகிய நான்கின் கூட்டு, 188 நோயாளிகளிடம் டாக்சோரூபிசினோடு ஒப்பிடப்பட்டது. 2005இல் வெளியான அம்முடிவின்படி, கட்டி சுருங்கியோர் 10.5 விழுக்காட்டிலிருந்து 20.9 விழுக்காடாக இரட்டித்தனர். ஆயினும், இடைநிலை வாழ்காலம் 6.83 மாதத்திலிருந்து 8.67 மாதமானது புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடாக அமையவில்லை. நச்சு விளைவுகளோ மிகுந்தன.

2013இல் வெளியான ஆசிய ஆய்வில், ஆக்சாலிபிளாட்டின் அடங்கிய கூட்டு மருந்து 6.40 மாதமும் டாக்சோரூபிசின் 4.97 மாதமும் தந்தன. இவ்வேறுபாடும் முதன்மைக் கணக்கீட்டில் உறுதிப்படவில்லை.

இதற்கிடையே, 2008இல் வெளியான சொராஃபெனிப் ஆய்வு வேறொரு பாதையைத் திறந்தது. புற்றணுவின் வளர்ச்சிக் குறிப்புகளையும் அதற்கான குருதிக்குழாய் உருவாக்கத்தையும் தடுக்கும் இம்மாத்திரை, வாழ்காலத்தை 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக உயர்த்தியது. இதில் கட்டி சுருங்கியோர் மிகச் சிலரே என்பது கருதத்தக்கது.

முடிவுரை

2005ஆம் ஆண்டு ஆய்வில் கட்டி சுருங்கியும் வாழ்நாள் நீண்டதாக உறுதிப்படவில்லை. சொராஃபெனிப் ஆய்வில் கட்டி பெரிதும் சுருங்காமலே வாழ்நாள் நீண்டது. படத்தில் தெரியும் கட்டியின் அளவை மட்டும் கொண்டு சிகிச்சையை மதிப்பிடுவது போதாது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன. நோயாளி எத்துணைக் காலம், எந்நிலையில் வாழ்ந்தார் என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். அவ்வளவுகோலை வழங்கியதில் ஹாங்காங் ஆய்வில் மருந்தின்றிக் கண்காணிக்கப்பட்ட 46 நோயாளிகளின் பங்கு பெரிது.