பேசாதவர் சொன்ன கதை

மேட்டூர், பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் சென்று வந்த அன்பர்கள், கம்சாளை என்னும் வெண்கலத் தாளத்தைத் தட்டிக் கதை பாடும் தேவரகுட்டர்களைக் கண்டிருப்பார்கள். அவர்கள் பாடும் காவியத்தில் சங்கம்மையின் பகுதி மிக உருக்கமானது. வேட்டைக்குப் புறப்படும் கணவன் நீலே கௌடன் அவளிடம் கற்புக்குச் சத்தியம் கேட்கிறான். அவள் மறுக்கிறாள், கொடுமைக்கு ஆளாகிறாள். அத்துயரைப் பாடகனே அவளாகி நின்று பாடுகிறான். வாயடைக்கப்பட்டவருக்காக மற்றொருவர் வாய் திறப்பது நமக்குப் புதிதன்று. ஆயினும் அங்ஙனம் பேசுகிறவர் யாருடைய கண்ணால் பார்க்கிறார் என்ற வினா எழத்தான் செய்கிறது.

இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பும் நாவல் ஒன்று 2003இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஆசிரியர் மார்க் ஹாடன். கதை சொல்பவன் கிறிஸ்டோபர் என்னும் பதினைந்து வயதுப் பையன். அத்தியாயங்களுக்கு 2, 3, 5, 7 என்று பகா எண்களையே இடுகிறான். உருவகம் என்பது பொய் என்பது அவன் கட்சி. ஆனால் வீதியில் நான்கு சிவப்புக் கார்கள் தொடர்ந்து வந்தால் அன்று அவனுக்கு நல்ல நாள்! கொல்லப்பட்ட ஒரு நாயைப் பற்றிய துப்பறிதல், தாய் இறந்துவிட்டாள் என்று தந்தை சொன்ன பொய்யில் போய் முட்டுகிறது. அவன் விளங்காமல் குறித்துவைப்பது நமக்கு விளங்குகிறது; நாவலின் வன்மை அதுவே. 'ஆட்டிசம்' என்ற சொல் கதைக்குள் ஓரிடத்திலும் வாராது. நாம் அதனை 'மதியிறுக்கம்' என்று மொழிபெயர்த்தோம். இச்சொல் வெளியே நின்று பார்ப்பவரின் தீர்ப்பு என்பது என் கருத்து.

உள்ளேயிருந்து பார்த்தவர் ஒருவர் மைசூர் நாட்டிலேயே இருந்தார். டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய் 1989இல் பிறந்த வங்காளி. சில காலம் மைசூரிலும் பின்னர் பெங்களூரிலும் வளர்ந்தவர். பேச்சு வரவில்லை. தாயார் சோமா எழுத்துப் பலகையைத் தொட்டுக்காட்டப் பழக்கினார். ரப்பர் வளையத்தால் பென்சிலைக் கையோடு பிணைத்து எழுதவும் வைத்தார். எட்டு வயதுக்கும் பதினொன்றுக்கும் இடையே அவர் எழுதியவை 2000இல் லண்டனில் நூலாயின. 2003இல் அமெரிக்காவில் 'மனமரம்' என்று பொருள்படும் பெயருடன் மீண்டும் வந்தன. தாயின் தூண்டுதலின்றி இவை பிறந்திருக்குமா என்று ஐயுற்றோர் உண்டு. அம்மையாரின் பயிற்சி முறையை ஏற்கலாகாதென்று அமெரிக்கப் பேச்சு, செவித்துறைச் சங்கம் 2018இல் அறிவித்ததும் உண்டு. டிட்டோ தம் கையாலேயே எழுதியவர் என்பதையும் மறத்தலாகாது.

வியப்பு யாதெனில், வெளியிலிருந்த ஹாடன் 'நான்' என்று எழுதினார். உள்ளிருந்த டிட்டோ தம் இளமையை 'அவன்' என்று எழுதினார். எண்ணும் தான் ஒன்று, செய்யும் தான் மற்றொன்று என இருவராகத் தம்மை அவர் கண்டதே இதற்குக் காரணம் எனலாம். கையும் காலும் ஏதோ செய்ய, உள்ளிருப்பவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நூலுக்குப் பெயர் தந்த சிறுகதையில் 'நான்' முழுமையாக வருகிறது. அங்கே பேசுவது ஒரு மரம். அதற்குக் கண்ணில்லை, வாயில்லை. மனம் மட்டும் உண்டு. தன்னருகே நடப்பதைக் கேட்கும், எண்ணும். யாரிடமும் சொல்ல இயலாது. தன்மைச் சொல்லைத் தொல்காப்பியர் உயர்திணையில் வைத்தார். நன்னூலார் இருதிணைக்கும் பொதுவாக்கினார். இக்கதையைத் தமிழாக்க முற்படுவோர் 'நான் கேட்கிறேன்' என்று எழுதினால் போதும். மரத்தை எத்திணையில் சேர்ப்பது என்ற தொல்லை நன்னூலின்படி அங்கே எழுவதில்லை.