படைக்கலச் சந்தையின் அடைத்த கதவு

1957 ஆம் ஆண்டில் உரோமாபுரியில் ஆறு நாடுகள் பொதுச்சந்தை ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டபொழுது, படைக்கலங்களுக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்தன. தன் பாதுகாப்பின் இன்றியமையாத நலன் கருதி எந்நாடும் சந்தை விதிகளை ஒதுக்கலாம் என்றது 223 ஆம் உறுப்புரை. கோதுமைக்கும் துணிக்கும் திறந்த எல்லை பீரங்கிக்குத் திறக்கவில்லை. நாளடைவில் விலக்கே வழக்கமாயிற்று.

இத்தாலி பல்லாண்டுகளாகக் கேள்விப்பத்திரம் கோராமலே தன் நாட்டு அகுஸ்தா நிறுவனத்திடம் ஹெலிகொப்டர்களை வாங்கிற்று. அவற்றுள் தீயணைப்புப் படைக்குரியனவும் இருந்தன. தீயை அணைப்பதில் என்ன இராணுவ இரகசியமோ! 2008 ஏப்பிரலில் ஐரோப்பிய நீதிமன்றம் அதனைச் சட்டமீறல் எனத் தீர்த்தது. மறு ஆண்டிற் பிறந்த பணிப்புரை, இரகசியத்தைக் காத்தவாறே அயல்நாட்டாரையும் போட்டிக்கு அழைக்க வழி வகுத்தது.

ஆயினும் பழைய விலக்கு 346 ஆம் உறுப்புரையாக இன்றும் நிற்கின்றது. பெருங் கொள்வனவுகள் பல அதன் நிழலில், போட்டியின்றியே, உள்நாட்டுத் தொழிற்சாலைகளைச் சென்றடைகின்றன.