கைக்குள் அடங்கிய வெளிச்சம்

ஒரு பொருளின் பெயரிலேயே அதன் பழைய குறை ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு. அமெரிக்கர்கள் ‘ஃப்ளாஷ்லைட்’ என்று அழைக்கும் கைவிளக்கு அப்படிப்பட்டது. முதலில் வந்த விளக்குகள் தொடர்ந்து எரியமாட்டா. விசையை அழுத்தினால் ஒரு பளிச்சிடல். விரலை எடுத்துச் சற்றுப் பொறுத்த பின் இன்னொரு பளிச்சிடல். அந்தப் பளிச்சிடலே பெயராக நிலைத்துவிட்டது. பிரித்தானியர் தீப்பந்தத்துக்குரிய ‘டார்ச்’ என்ற சொல்லையே இதற்கும் சூட்டினர். நாம் இரு நாட்டாரையும் பகைத்துக்கொள்ளாமல் ‘டார்ச் லைட்’ என்றோம்; கிராமங்களில் ‘பேட்டரி லைட்டு’ என்றோம். ஓலையையும் வைக்கோலையும் முறுக்கிக் கொளுத்துவதற்குச் சூள், சூந்து என்ற பழஞ்சொற்கள் நம்மிடம் இருந்தன. அவற்றுள் முன்னதை எடுத்து ‘மின்சூள்’ என்று பாடநூலில் ஏற்றியவர்கள் ஈழத்தமிழர்கள். அச்சொல் கரையைக் கடந்து இங்கு வராமற் போனது நமக்கே நட்டம்.

எந்நேரமும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஒரு சிறு டார்ச் வாங்கலாம் என்று இன்று இறங்குகிறவர், எத்தனை லூமென் என்ற கேள்வியில்தான் தொடங்குகிறார். இந்த விளக்கின் வரலாற்றைப் பார்த்தால் அக்கேள்வி மிகப் பிந்தி வந்தது என்பது புலப்படுகிறது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் வாங்குகிறவர் கேட்டவை வேறு: கட்டை எங்கே கிடைக்கும்? எத்தனை நாள் வரும்?

கட்டையிலிருந்தே தொடங்குவோம். பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் லெக்லாஞ்சே 1866 இல் உருவாக்கிய மின்கலம் ஒரு கண்ணாடிக் குடுவை. அதில் துத்தநாகக் கம்பி, கரித்தண்டு, மாங்கனீசு டை ஆக்சைடு, நவச்சாரக் கரைசல் எல்லாம் இருந்தன. தந்தி நிலையத்தின் அலமாரியில் வைக்கலாம், சாய்த்தால் கொட்டிவிடும். ஜெர்மானியரான கார்ல் காஸ்னர் கரைசலைப் பசையாக்கித் துத்தநாகத்தையே குவளையாக்கினார். 1886 இல் உரிமம் பெற்ற அந்த உலர்கலம்தான் வெளிச்சத்தைத் தலைகீழாகவும் பிடிக்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது. நெய்க்கிண்ணமும் மண்ணெண்ணெய்க் கூடும் தராத சலுகை அது. அமெரிக்காவின் நேஷனல் கார்பன் கம்பெனி 1896 இல் உலர்கலத்தைப் பெருமளவில் விற்கத் தொடங்கியது. நாம் ‘பெரிய கட்டை’ என்னும் ‘டி’ அளவு 1898 இல் வந்தது.

இனிக் கான்ராட் ஹ்யூபர்ட். இவருடைய இயற்பெயர் அகிபா ஹோரோவிட்ஸ். ருசியப் பேரரசின் மின்ஸ்க் பகுதியைச் சேர்ந்த யூதர். 1891 இல் நியூயார்க்கில் வந்திறங்கியவர் சுருட்டுக் கடை, உணவு விடுதி, தங்கும் விடுதி, பால் வண்டி என்று கைவைக்காத தொழில் இல்லை. இறுதியில் மின்சார விளையாட்டுப் பொருள்களில் வந்து நின்றார். கழுத்துப்பட்டையில் செருகும் மின்னும் ஊசியும், விளக்கு எரியும் பூந்தொட்டியும் அவர் கடையில் விலைபோயின. அவருக்காக உழைத்த ஆங்கிலேயரான டேவிட் மிசெல், காகிதநார்க் குழல் ஒன்றில் கட்டைகளை வரிசையாக அடுக்கி, முனையில் குமிழும் பித்தளைப் பிரதிபலிப்பானும் பொருத்தினார். இதற்கான அமெரிக்க உரிமம் 1899 ஜனவரி 10 அன்று வழங்கப்பட்டு ஹ்யூபர்ட்டின் நிறுவனத்துக்கு உரியதாயிற்று. பூந்தொட்டி விளக்கைக் கண்டவர் பொம்மை ரயில் புகழ் ஜோஷுவா கோவன் என்றும், அதிலிருந்தே டார்ச் பிறந்தது என்றும் ஒரு கதை வெகுநாள் உலவியது. கதை சுவையானதுதான், உரிமப் பத்திரத்தில் இருப்பதோ மிசெல்லின் பெயர்.

முதல் விளக்குகள் சிலவற்றை ஹ்யூபர்ட் நியூயார்க் காவலர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். அவர்கள் எழுதித் தந்த பாராட்டுரைகளே விளம்பரமாயின. ஆயினும் அந்த விளக்கு ஏன் பளிச்சிட்டு ஓய்ந்தது? குமிழின் கரியிழை மின்சாரத்தைப் பேராசையுடன் தின்றது. கட்டையோ தொடர்ந்து மின்சாரம் தருகையில் கரித்தண்டின் பக்கம் ஹைட்ரஜன் சேர்ந்து களைத்துப் போகும். மாங்கனீசு டை ஆக்சைடு அதைத் தீர்க்கச் சிறிது ஓய்வு தேவை. 1910 ஐ ஒட்டி டங்ஸ்டன் இழை வந்த பிறகே கைவிளக்கு நின்று எரியும் விளக்காயிற்று. இந்தக் களைப்பும் ஓய்வும் நம்மூர் வழக்கம் ஒன்றையும் விளக்குகின்றன. தீர்ந்த கட்டையை வெயிலில் காயவைத்தால் இன்னும் சிறிது எரியும் என்று நம் வீடுகளில் முற்றத்திலும் ஓட்டின் மேலும் அடுக்கிவைத்தார்கள் அல்லவா? அது வெறும் நம்பிக்கையன்று. ஓய்வு ஒருபுறம்; வெப்பத்தில் பசையினுள் அயனிகள் விரைந்து நகர்வது மறுபுறம். இரண்டும் சேர்ந்து சில நிமிட வெளிச்சத்தை மீட்டுத் தரும். ஆனால் துத்தநாகக் குவளை ஏற்கெனவே அரிக்கப்பட்டிருக்கும். கசிந்து டார்ச்சின் வயிற்றைக் கெடுப்பதும் அதே கட்டைதான்.

டார்ச் ஆடம்பரமா அவசியமா என்ற ஐயத்தைத் தீர்த்துவைத்தது போர். 1939 செப்டம்பர் 1 அன்று பிரித்தானியாவில் இருட்டடிப்பு தொடங்கியது. தெருவிளக்குகள் இல்லை, சன்னல்களில் கருந்திரை. இருட்டில் வண்டிகளில் அடிபட்டு இறந்தவர்கள் மிகுந்தனர். கண்ணாடியின் மேல் மெல்லிய தாளை ஒட்டி ஒளியை மங்கலாக்கி, தரையை நோக்கியே பிடிக்கவேண்டும் என்ற விதியோடு டார்ச் அனுமதிக்கப்பட்டது. அதிகம் தேடப்பட்டவை கைப்பைக்குள் அடங்கும் சிறு டார்ச்சுகள். அவற்றுக்குரிய எட்டாம் எண் மின்கலம் கடைகளில் காணக்கிடைக்காத பொருளாயிற்று. கையில் டார்ச் இருந்தும் இருட்டில் தடவிச் சென்றார்கள். ஜெர்மனி பிடித்திருந்த நெதர்லாந்தில் இதே தட்டுப்பாட்டுக்குப் பிலிப்ஸ் நிறுவனம் வேறொரு விடை கண்டது. கைப்பிடியை விரல்களால் அழுத்தி அழுத்தி விட்டால் உள்ளே டைனமோ சுழன்று விளக்கெரியும், கட்டையே வேண்டாம். அது எழுப்பும் உறுமலைக் கேட்ட டச்சுக்காரர்கள் ‘அழுத்துப் பூனை’ என்ற பொருளில் ‘க்னைப்காட்’ என்று பெயரிட்டார்கள். இரவில் ஒருவர் நடந்துசெல்வது தெருவுக்கே கேட்கும் என்பது அதிலுள்ள சங்கடம்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். எவரெடி 1934 இல் கல்கத்தாவில் கம்பெனியாகப் பதிவாயிற்று. 1939 இல் அங்கேயே கட்டை உற்பத்தி தொடங்கியது. சென்னையில் 1952 இலும், டார்ச்சுக்கென லக்னோவில் 1958 இலும் ஆலைகள் எழுந்தன. ஒன்பது என்ற எண்ணுக்குள் பூனை பாயும் அந்தச் சின்னத்தை அறியாத பெட்டிக்கடை இல்லை என்றே சொல்லலாம். ‘இரண்டு கட்டை’, ‘மூன்று கட்டை’ என்று டார்ச்சின் நீளத்தைக் கட்டையால் அளந்தார்கள். மூன்று கட்டைக்காரருக்கு ஊரில் ஒரு மதிப்பு. மும்முனை மின்சாரம் இரவில் வருகிற நாள்களில் வயலுக்கு நீர்பாய்ச்சச் சென்றவர் கையிலும், டென்ட் கொட்டகையில் இடம் காட்டியவர் கையிலும் இருந்தது அதுவே. இரண்டு கட்டை டார்ச்சின் சாதாரணக் குமிழ் தந்த வெளிச்சம் ஏறத்தாழ 10 லூமென். இன்று சாவிக்கொத்தில் தொங்கும் விளக்குகள்கூட அதைவிடப் பிரகாசமாக எரிகின்றன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்; அந்தப் பத்து லூமெனில்தான் ஒரு தலைமுறை வரப்பில் நடந்தது.

எவரெடி என்ற பெயருக்குப் பின்னால் இருந்த கம்பெனியின் பெயர் என்ன? ஹ்யூபர்ட்டின் நிறுவனத்தை நேஷனல் கார்பன் 1914 இல் முழுமையாக வாங்கியது. நேஷனல் கார்பன் 1917 இல் யூனியன் கார்பைடுக்குள் சென்றது. கல்கத்தாவில் பிறந்த இந்தியக் கிளை 1959 இல் யூனியன் கார்பைடு இந்தியா லிமிடெட் என்று பெயர் மாறியது. போபாலில் பூச்சிக்கொல்லி ஆலையை நடத்தியது அதே கம்பெனிதான். 1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி அங்கிருந்து கசிந்த மெத்தில் ஐசோசயனேட் வாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. உடல் பாதிப்புக்கு உள்ளானவர்கள் 5,58,125 பேர் என்று 2006 இல் அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் கூறுகிறது. ஆலையைச் சுற்றியிருந்த குடிசைகளிலும் கட்டை டார்ச்சுகள் இருந்திருக்கும் என்பதையும், அவற்றில் பலவற்றின் மேல் அந்தப் பூனை இருந்திருக்கும் என்பதையும் ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

அமெரிக்கத் தாய்க்கம்பெனி 1986 இல் தன் மின்கல வாணிபத்தை ரால்ஸ்டன் பியூரினாவுக்கு விற்றது. இந்தியத் தொழில் அதில் சேரவில்லை. 1989 இல் 47 கோடி டாலருக்கு இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது. இந்தியக் கம்பெனியில் தாய்க்கம்பெனிக்கு இருந்த 50.9 விழுக்காட்டுப் பங்கு 1994 இல் கல்கத்தாவின் தேயிலைக் குழுமமான வில்லியம்சன் மகோருக்கு விற்கப்பட்டது. அந்தப் பணத்திலிருந்து போபாலில் ஒரு மருத்துவமனை எழ வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் ஏற்பாடு. யூனியன் கார்பைடு இந்தியா என்ற பெயர் மறைந்து எவரெடி இண்டஸ்ட்ரீஸ் ஆயிற்று. தொண்ணூறுகளில் ‘கிவ் மீ ரெட்’ என்று இளைஞர்கள் துள்ளும் விளம்பரம் தொலைக்காட்சிகளில் ஓடியபோது பழைய பெயரை நினைத்துப் பார்த்தவர்கள் சிலரே. கைமாறிய பின்னுள்ள கம்பெனிமீது பழி சுமத்த நாம் வரவில்லை. ஆனால் டார்ச்சின் இந்திய வரலாற்றை எழுதுகிறவர்கள் போபாலை வேறோர் அத்தியாயமாகப் பிரித்துவிடுவதை நம்மால் ஏற்க இயலவில்லை. அந்த ஆலையின் உரிமையாளரை இந்தியர்கள் நாள்தோறும் கையில் பிடித்திருந்தார்கள்.

ஹ்யூபர்ட்டின் முடிவையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1928 இல் இறந்தபோது அவர் சொத்து ஏறத்தாழ 80 இலட்சம் டாலர். அதில் முக்கால் பங்கை அறச்செயல்களுக்கு எழுதிவைத்திருந்தார். ஒரு புராட்டஸ்டண்டு, ஒரு கத்தோலிக்கர், ஒரு யூதர் என மூவர் கூடிப் பகிர வேண்டும் என்பது ஏற்பாடு. முன்னாள் அதிபர் கூலிட்ஜ், ஆல் ஸ்மித், ஜூலியஸ் ரோசன்வால்ட் ஆகியோர் அதைச் செய்தார்கள்.

சட்டைப்பை விளக்கு என்ற எண்ணத்தைப் பிற்காலத்தில் புதுப்பித்தவர் ஆண்டனி மக்லிகா. நியூயார்க்கில் பிறந்து குரோவேசியாவின் ஸ்லாரின் தீவில் வறுமையில் வளர்ந்து அமெரிக்கா திரும்பிய இயந்திரத் தொழிலாளி. அவருடைய அலுமினியக் குழல் விளக்கான மேக்லைட் 1979 இலும், இரண்டு சிறு கட்டை போடும் மினி மேக்லைட் 1984 இலும், ஒரே ஒரு மெல்லிய கட்டையில் எரியும் சாலிட்டேர் 1988 இலும் வந்தன. சாலிட்டேரின் வெளிச்சம் அகல்விளக்கோடு போட்டியிடும் அளவுதான். ஆயினும் கீழே விழுந்தால் உடையாது என்ற உறுதியை ஒரு சிறு விளக்கு முதன்முறையாகத் தந்தது.

நிச்சியா நிறுவனம் 1996 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வெள்ளை எல்.இ.டி. எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. நீல ஒளிமுனையின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு. இரண்டும் கலந்து வெண்மை. டார்ச்சுக் குமிழ் ஒரு வாட்டுக்கு 10 லூமென் அளவில் தந்த இடத்தில் இன்றைய எல்.இ.டி. நூறுக்கு மேல் தருகிறது. ஒரு சிறு சிக்கல்: வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும், ஒற்றைக் கட்டையில் இருப்பது 1.5. தூண்டுசுருள் ஒன்றை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இயக்கி நிறுத்தி அழுத்தத்தை உயர்த்தும் சிறுசுற்று அதைத் தீர்த்தது. 2003 இல் வந்த நோக்கியா 1100 தலையிலேயே ஒரு எல்.இ.டி.யை வைத்துக்கொண்டு நம் கிராமங்களுக்குள் நுழைந்தது. கைபேசியே டார்ச்சானபின் தனி டார்ச் எதற்கு என்ற கேள்வி அன்றே எழுந்தது.

விடை பாம்பிடம் இருக்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 இலட்சம் என்று 2020 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்தவர். கொல்லைப்புறம் செல்கிறவர் கையில் பேசிக்கொண்டிருக்கும் தொலைபேசியும், மாலையிலேயே மின்னூட்டம் வற்றிய தொலைபேசியும் தரையைக் காட்டா. கட்டுவிரியன் இரவில் திரிவது. கண்ணாடிவிரியனோ சருகுக்குள் சருகாகக் கிடப்பது.

ஆகவே இன்று தேர்வது எதை? பெட்டியின் மேல் கொட்டையெழுத்தில் இருக்கும் லூமென் எண்ணைக் கண்டு மயங்கவேண்டாம் என்போம். இவ்வெண்களுக்கு ஓர் ஒழுங்கு வந்ததே 2009 இல், எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தரவிதியால். அதன்படி ‘எரியும் நேரம்’ என்பது, எரியத் தொடங்கி 30 நொடியில் இருந்த ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையுள்ள நேரம். ஆயிரம் லூமெனில் தொடங்கி ஐந்து நிமிடத்தில் முந்நூறுக்கு இறங்கி அங்கேயே நெடுநேரம் ஊர்ந்த விளக்கும் ‘மூன்று மணிநேரம்’ என்று போட்டுக்கொள்ளலாம். ‘எட்டும் தூரம்’ என்பதோ முழுநிலவின் வெளிச்சம் அளவுக்கு ஒளி தேய்ந்துபோகும் இடம். சருகிடையே பாம்பைக் கண்டுகொள்ளும் தூரம் அதில் ஒரு சிறு பகுதியே. நீலம் தூக்கலான வெள்ளொளியில் பழுப்பும் பழுப்பும் ஒன்றாகிவிடும். நிறங்களை நேராகக் காட்டும் மஞ்சள் சாயலுள்ள எல்.இ.டி., லூமென் குறைந்தாலும், தரைக்கு ஏற்றது.

நம் கணக்கில் நூறு லூமெனும், அதற்குக் கீழே இரண்டு மூன்று லூமெனில் ஒரு மெல்லொளியும் போதும். முதல் அழுத்தத்திலேயே மெல்லொளி வர வேண்டும். தூங்கும் குழந்தையின் அருகே ஆயிரம் லூமெனை எரியவிட்டவர்களுக்கு இது புரியும். பிரிக்கமுடியாதபடி மின்கலத்தைப் பதித்து, கம்பியால் மட்டும் மின்னூட்டம் ஏற்றும் அழகிய விளக்குகள் கடையில் நிறைந்திருக்கின்றன. சில ஆண்டுகளில் அந்த மின்கலம் முதுமையெய்தும்போது விளக்கும் அதனுடன் குப்பைக்குப் போகும். ஒரே ஒரு ஏஏ கட்டை போடும் டார்ச் நம் தேர்வு. அன்றாடம் நிக்கல் மின்னேற்றக் கட்டை. அல்கலைன் கட்டையை உள்ளே மாதக்கணக்கில் விட்டால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து திருகையே இறுக்கிவிடும். வெள்ளமும் புயலும் வந்து மின்சாரம் நாள்கணக்கில் இல்லாதபோது எந்தக் கட்டையாயினும் போடலாம். ஏஏ என்னும் அந்த அளவு சந்தைக்கு வந்தது 1907 இல். இன்றும் தெருமுனைப் பெட்டிக்கடையில் ஷாம்பு உறைகளின் சரத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.