ஒரு பக்கம் தேயும் டயர்: பந்தயச் சரித்திரம் தரும் பாடம்

இந்த மலருக்கு எழுதச் சொல்லிச் சங்கச் செயலாளர் கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார். தொழில் சம்பந்தமாக இருக்கணும், ஆனால் சிவில்காரருக்கும் எலக்ட்ரிக்கல்காரருக்கும் புரியணும். என் தொழில் டயர். கறுப்பாக, உருண்டையாக இருக்கிற ஒரு சாமானைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கார் பந்தய உலகத்தையே தலைகுனிய வைத்த ஒரு நாளின் கதை இதில் இருக்கிறது. அந்தக் கதையில் நம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரும் வருகிறார்.

முதலில் அடிப்படை. வீட்டு வாசலில் கிடக்கும் பழைய செருப்புகளைத் திருப்பிப் பாருங்கள். ஒருத்தர் செருப்பில் குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருக்கும், இன்னொருத்தர் செருப்பில் உள் ஓரம். செருப்பைப் பார்த்தே ஆளின் நடையைச் சொல்லிவிடலாம். டயரும் அப்படித்தான். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நின்றால் காற்று குறைவு. உள் ஓரம் மட்டும் மொட்டையானால், சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கிற கோணம் அதிகம். இந்தக் கோணத்துக்குத்தான் கேம்பர் என்று பெயர்.

அப்படியானால் சக்கரத்தை ஏன் சாய்க்க வேண்டும், நேராகவே நிறுத்தலாமே என்று கேட்பீர்கள். நேர் ரோட்டில் அது சரி. வேகமாகத் திரும்பும்போது கார் வெளிப்பக்கமாகச் சரிகிறது. அப்போது வெளிப்பக்கச் சக்கரம் தன் வெளி ஓரத்தில் ஏறி நிற்கும். முன்கூட்டியே கொஞ்சம் உள்ளே சாய்த்து வைத்திருந்தால், திருப்பத்தில் அது நிமிர்ந்து முழு அகலத்தையும் தரையில் பதிக்கும். டயர் தரையைத் தொடுகிற இடமே ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவுதான். அதில் ஒரு விரல் அகலம் வீணானாலும் பந்தயத்தில் பின்தங்க வேண்டியதுதான். ஆனால் அதே சாய்வு நேர்ப் பாதையில் உள் ஓரத்தைத் தின்னும். திருப்பத்தில் லாபம், நேர்ப் பாதையில் நஷ்டம். இந்த வரவு செலவுக் கணக்குத்தான் பந்தய இன்ஜினியரின் அன்றாட வேலை.

இன்னொரு விஷயம். கடிகாரச் சுற்றில் ஓடும் டிராக்கில் வலது திருப்பங்கள் அதிகம். பாரமெல்லாம் இடப்பக்கச் சக்கரங்கள் மேல் விழும். நாலு டயரையும் ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் மாட்டினாலும், அங்கே இடப்பக்க டயர்கள்தான் முதலில் ரிட்டயர் ஆகும்.

இனி சரித்திரத்துக்கு வருவோம். 2005-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஒரு புது விதி வந்தது. தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு செட் டயர். பஞ்சர், ஆபத்தான சேதம் என்றாலொழிய நடுவில் மாற்றக் கூடாது. அதுவரை தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு, ஒவ்வொரு ஓரத்தையும் கடைசிச் சுற்று வரை காப்பாற்ற வேண்டிய நிலைமை வந்தது.

அதன் விலை மே மாதமே தெரிந்தது. ஜெர்மனியின் நூர்புர்க்ரிங்கில் கிமி ரைக்கோனன் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் பிரேக் போட்டபோது முன் வலது சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டது. டயரில் ஒரே ஓர் இடம் தட்டையாகத் தேய்ந்தது. மற்ற சுற்றளவெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தட்டை இடம் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு அடி கொடுத்தது. அந்த அதிர்விலேயே கடைசிச் சுற்றில் சஸ்பென்ஷன் முறிந்து போனது. வெற்றி பெர்னாண்டோ அலோன்சோ கைக்குப் போனது.

அடுத்த மாதம் அமெரிக்காவின் இண்டியானபொலிஸ். அங்கே பதின்மூன்றாவது திருப்பம், பழைய ஓவல் டிராக்கின் சரிவான வளைவு. முழு வேகத்தில் அதில் போகும்போது காரை வெளியே தள்ளும் விசையோடு, தரையை நோக்கி அமுக்கும் பாரமும் சேர்கிறது. வலது திருப்பம் என்பதால் அத்தனையும் இடப்பக்க டயர்கள் தலையில். ஜூன் 17, வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் டொயோட்டா ஓட்டிய ரால்ஃப் ஷூமாக்கரின் இடது பின் டயர் அங்கேதான் கைவிட்டது. கார் சுவரில் மோதியது.

அந்த டயர் மிஷெலின் கம்பெனியுடையது. பத்தில் ஏழு அணிகள் அந்த வருஷம் மிஷெலின் டயரில்தான் ஓடின. அதன் இன்ஜினியர்கள் டயர்களைப் பரிசோதித்தார்கள். பிரான்சிலிருந்து வேறு மாதிரி டயர்களும் வரவழைத்துப் பார்த்தார்கள். கடைசியில், அந்தத் திருப்பத்தில் வேகம் குறையாவிட்டால் இந்த டயர்களில் ஓடுவது பாதுகாப்பல்ல என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். திருப்பத்துக்கு முன்னால் வளைவுத் தடை வைக்கலாம் என்று அணிகள் கேட்டன. சர்வதேச ஆட்டோமொபைல் சம்மேளனம் மறுத்துவிட்டது.

ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. இருபது கார்களும் அணிவகுப்புச் சுற்றுக்குக் கிளம்பின. சுற்று முடிந்ததும் மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் வரிசையாகப் பிட்டுக்குள் திரும்பி நின்றுவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறே கார்கள் ஓடின. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், பாட்டில்களை வீசினார்கள். மைக்கேல் ஷூமாக்கர் ஜெயித்தார். ஜோர்டான் அணிக்காக ஓட்டிய நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் வாங்கினார். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவர்தான். ஆறு கார்தானே ஓடியது என்று சிலர் இளக்காரமாகச் சொல்வார்கள். கடைசி வரை ஓட்டி முடித்ததும் ஒரு கணக்குத்தானே!

அந்த வருஷம் நடந்த 19 பந்தயங்களில் 18-ஐ வென்றது மிஷெலின்தான் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். மோசமான டயர் அல்ல. ஒரு டிராக்கில், ஒரு திருப்பத்தில், ஒரு பக்கத்து டயருக்கு மட்டும் தாங்க முடியாத பாரம். நம்ம பாஷையில் சொன்னால், ஐந்து பேப்பரில் தொண்ணூறு, ஒன்றில் முப்பது. சராசரி எண்பதுதான், ஆனாலும் அரியர் அரியர்தான்!

அதே இண்டியானபொலிஸில் 2008 ஜூலையில் இன்னொரு கூத்து. இது நாஸ்கார் பந்தயம், குட்இயர் டயர். ஓவலில் இடப்பக்கமாகவே சுற்றுவதால் அடி முழுக்க வலப்பக்க டயர்களுக்கு. டிராக்கின் தரை வரி வரியாக உராய்க்கப்பட்டுச் சொரசொரப்பாக இருந்தது. சாதாரணமாக ரப்பர் உதிர்ந்து தரையில் படிந்து வழுவழுப்பாக்கும். அன்றைக்கு அது படியாமல் தூளாகப் பறந்தது. புது மாதிரிக் கார் வேறு வலப்பக்கத்தைக் கூடுதலாக அழுத்தியது. பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு ஒருமுறை மஞ்சள் கொடி காட்டி, எல்லோரையும் நிறுத்தி, டயர் மாற்றி மாற்றித்தான் 160 சுற்றுகளை முடித்தார்கள். ஆட்களுக்கு ஆபத்தில்லை. ஆனால் பந்தயம் என்று சொல்ல அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மூன்றாவது சம்பவம் 2013, ஜூன் 30, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன். லூயிஸ் ஹாமில்டன், ஃபெலிப்பே மாசா, ஜான் எரிக் வெர்ன், செர்ஜியோ பெரெஸ் என்று ஒருவர் பின் ஒருவராக இடது பின் டயர் வெடித்தது. மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போகும்போது ரப்பர் துண்டுகள் பின்னால் வரும் காரின் ஓட்டுநர் தலையை நோக்கிப் பறந்தால் எப்படி இருக்கும்? உயிர்ச்சேதம் இல்லாமல் போனது அதிர்ஷ்டம்.

பிரெல்லி கம்பெனி சொன்ன காரணங்களை மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஒன்று, பின் டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டது. இரண்டு, காற்றைக் குறைத்து வைத்தது. மூன்று, கேம்பரை அளவுக்கு மீறிச் சாய்த்தது. நான்கு, டிராக் ஓரத்துக் கட்டைகள் மேல் வேகமாக ஏறி இறங்கியது. முதல் மூன்றும் அணிகள் தாங்களே விரும்பிச் செய்தவை. தேய்மானத்தைச் சமாளிக்கவும் பிடிமானத்தைக் கூட்டவும் கண்டுபிடித்த சாமர்த்தியங்கள். ஒரு பக்கம் தேய்கிறதா, மறு பக்கம் மாற்றிப் போடு என்பது நாம் வீட்டு வண்டிக்குச் செய்கிற யோசனைதானே? ஆனால் அந்த டயரின் உள் பக்கமும் வெளிப் பக்கமும் வேறு வேறு கட்டமைப்பு. தாங்க வேண்டிய பக்கம் உள்ளே போய், தாங்காத பக்கம் வெளியே வந்துவிட்டது. அடுத்த வாரமே, ஜெர்மனிப் பந்தயத்தில், மாற்றிப் போடத் தடையும், காற்றுக்கும் கேம்பருக்கும் வரம்பும் வந்துவிட்டன.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான். டயரின் ஆயுளைத் தீர்மானிப்பது சராசரித் தேய்மானம் அல்ல, மிக மோசமான அந்த ஒரு விரல் அகலம். அதைச் சமாளிக்க நாம் செய்யும் வைத்தியம் பாரத்தை ஒழிப்பதில்லை, இன்னோர் இடத்துக்குத் தள்ளுகிறது. எங்கே தள்ளினோம் என்று தெரியாமல் செய்கிற வைத்தியம் நோயை விடக் கெட்டது.

ஃபார்முலா பாரத் மாதிரி மாணவர் போட்டிகளுக்கு வண்டி கட்டும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். டிராக்கிலிருந்து வந்த உடனே, டயர் ஆறுவதற்குள், உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் சூட்டை அளந்து நோட்டில் எழுதுங்கள். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள், வித்தியாசத்தைப் பாருங்கள். உள் ஓரம் மிகவும் சூடானால் கேம்பரைக் குறையுங்கள். நடு சூடானால் காற்றைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எது வேலை செய்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. இடம் வலம் மாற்றுவதற்கு முன்னால் டயரின் பக்கச் சுவரில் அம்புக்குறியோ வெளிப்பக்கம் என்ற குறிப்போ இருக்கிறதா என்று படியுங்கள். உள்ளே இருக்கும் நூல் தெரிந்துவிட்டால் யார் என்ன சொன்னாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. இண்டியானபொலிஸ் சம்பவத்தை மிஷெலினின் அவமானம் என்றே பலர் எழுதினார்கள். பார்வையாளர்களுக்கு டிக்கெட் பணத்தை அந்தக் கம்பெனி திருப்பிக் கொடுத்தது. அடுத்த வருஷப் பந்தயத்துக்கு 20,000 டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்தது. அவமானம்தான், மறுக்கவில்லை. அந்தத் திருப்பத்தின் பாரத்தை முன்கூட்டியே கணக்குப் போடாதது அவர்கள் குறை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், அத்தனை காமிராக்களுக்கும் அத்தனை கோடிப் பணத்துக்கும் முன்னால், இந்த டயரில் ஓடாதீர்கள் என்று அவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு எந்த ஓட்டுநரின் வீட்டுக்கும் துக்கச் செய்தி போகவில்லை.

நாம் எல்லோரும் என்றைக்காவது ஒரு நாள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வருவோம். பாலமோ, பாய்லரோ, டயரோ, எதுவாகவும் இருக்கலாம். சரியென்று போடுவதற்கு யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். முடியாது என்று எழுதத்தான் இன்ஜினியர் வேண்டும். அதைச் சொல்லும் தைரியம் இந்த மலரைப் படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் வாய்க்கட்டும்.