தாத்தா பெயரைச் சொல்லித் தப்பிய குழாய்

சட்டம் படிக்கும் தோழர்கள் "கிராண்ட்ஃபாதர் கிளாஸ்" என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். புதிதாக ஒரு விதி வருகிறது. ஏற்கெனவே இருப்பவர்களை அது கட்டாது என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். அந்த வரிக்குத்தான் அந்தப் பெயர். தமிழில் தாத்தா விதி என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தத் தாத்தா யார் என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தபின், 1870இல் வந்த 15ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. தெற்கு மாநிலங்களின் வெள்ளையர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். நிறத்தைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. எழுதப் படிக்கத் தெரிகிறதா, சொத்து இருக்கிறதா என்று சோதனை வைத்தார்கள். படிப்பும் நிலமும் மறுக்கப்பட்டிருந்த கறுப்பர்கள் அதில் தேற மாட்டார்கள் என்பது கணக்கு. ஆனால் ஏழை வெள்ளையரிலும் எழுத்தறியாதவர் ஏராளம். அவர்களைக் காப்பாற்ற லூசியானா 1898இல் ஒரு வரி சேர்த்தது: 1867 ஜனவரி 1 அன்று உனக்கோ, உன் அப்பாவுக்கோ, தாத்தாவுக்கோ வாக்குரிமை இருந்திருந்தால் உனக்குச் சோதனை கிடையாது. அந்தத் தேதியில் அங்கே கறுப்பர் எவருக்கும் வாக்கு இல்லை. 1896இல் லூசியானாவின் வாக்காளர் பட்டியலில் 1,30,334 கறுப்பர்கள் இருந்தார்கள். 1900இல் 5,320 பேர். சாதி என்ற சொல்லே இல்லாமல் சாதியை நடத்துவது எப்படி என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்த வரியை வாசித்தால் பழகிய முகம் மாதிரித் தெரியும். 1915இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓக்லஹோமா மாநிலத்து வழக்கு ஒன்றில், தாத்தா விதி செல்லாது என்றது.

வாக்குச்சாவடியிலிருந்து அந்த விதி போனது. பெயரும் தந்திரமும் மட்டும் வேறு துறைகளுக்குக் குடியேறின. எரிவாயுக் குழாய்களுக்கு வந்த கதை இது.

அதுவும் லூசியானாவில்தான் தொடங்குகிறது. 1965 மார்ச் 4 அன்று நாகடிஷ் நகருக்கு அருகே பூமிக்கடியில் போன எரிவாயுக் குழாய் வெடித்து 17 பேர் இறந்தார்கள். அதுவரை இத்தகைய குழாய்களின் பாதுகாப்புக்கு நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. தொழில்துறையே தனக்கு எழுதிக்கொண்ட நெறிமுறைகளும், சில மாநிலங்களின் விதிகளும்தான். 1968 ஆகஸ்டில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டு எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1970இல் விதிகள் வந்தன. புதிய குழாயை ஓட்டுமுன் அழுத்தச் சோதனை கட்டாயம் என்றார்கள்.

அந்தச் சோதனை பெரிய வித்தை ஒன்றுமில்லை. குழாய் நிறையத் தண்ணீரை நிரப்பி, வழக்கமாக வாயு ஓடும் அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றி, சில மணி நேரம் அப்படியே வைத்திருப்பார்கள். வெல்டிங் பலவீனமாக இருந்தால் அங்கேயே பிளந்துகொள்ளும். தண்ணீர் கொட்டும், யாரும் சாக மாட்டார்கள்.

ஆனால் 1970க்கு முன்பே புதைத்த குழாய்களுக்கு இது வேண்டாம் என்று அதே விதிகள் சொல்லின. 1970 ஜூலை 1க்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அந்தக் குழாய் அதிகபட்சம் எவ்வளவு அழுத்தத்தில் ஓடியதோ, அதுவே அதன் உச்ச வரம்பு, தொடர்ந்து ஓட்டிக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவும் 1961இல் தன் மாநில விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது புதிய குழாய்களை மட்டும்தான் சோதிக்கச் சொன்னது. முன்னே பிறந்ததே தகுதி. இடஒதுக்கீடு என்றதும் "தகுதி, திறமை" என்று குதிப்பவர்கள் இந்த விலக்கைப் பற்றி எங்கும் பேசி நான் கேட்டதில்லை.

அந்தக் கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, சான் புரூனோ என்ற சிறு நகரம். பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 132ஆம் எண் பைப்லைன் அங்கே கிரெஸ்ட்மூர் குடியிருப்பின் கீழே போனது. வீடு கட்ட மலைச்சரிவைச் சமன் செய்தபோது, 1956இல் ஒரு பகுதியைத் தோண்டி எடுத்து இடம் மாற்றிப் புதைத்தார்கள். விட்டம் 30 அங்குலம். நிறுவனத்தின் பதிவேடு அதை இணைப்பே இல்லாத குழாய் என்றது. அன்றைய அமெரிக்காவில் அந்த அளவில் இணைப்பில்லாக் குழாய் தயாராகவே இல்லை. உண்மையில் அந்த இடத்தில் இருந்தது ஒட்டுப்போட்ட சரக்கு: குட்டைக் குட்டையான ஆறு துண்டுகளை வரிசையாகச் சேர்த்திருந்தார்கள். சிலவற்றில் நீளவாட்டு இணைப்பை வெளிப்பக்கம் மட்டும் வெல்டிங் செய்து, உள்பக்கத்தை விட்டுவிட்டார்கள். ஒருமுறை தண்ணீர் ஏற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் ஏற்றவில்லை, ஏனென்றால் ஏற்ற வேண்டியதில்லை.

இதிலும் கொடுமை ஒன்று உண்டு. தாத்தா விதி தந்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு. 1968இல் ஒருநாள் பதிவான அளவு அது. அந்த உரிமை கைவிட்டுப் போகாமலிருக்க, 2003இலும் 2008இலும் நிறுவனம் அழுத்தத்தை வேண்டுமென்றே 400 வரை ஏற்றிப் பதிவு செய்துகொண்டது. தண்ணீரால் அல்ல. மேலே வீடுகளில் ஆட்கள் இருக்க, உள்ளே எரிவாயு ஓட.

2010 செப்டம்பர் 9, மாலை 6.11. தெற்கே மில்பிடாஸ் நிலையத்தில் மின்சார வேலை நடந்துகொண்டிருந்தபோது கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு மின்சாரம் போய், வால்வுகள் திறந்துகொண்டன. அழுத்தம் 386 வரை ஏறியது. அனுமதித்த வரம்புக்குள்தான். அந்த அரைகுறை இணைப்பு பிளந்தது. 28 அடி நீளக் குழாய்த் துண்டு பிய்ந்து 100 அடி தள்ளிப் போய் விழுந்தது. 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் எரிந்து போயின. விமானம் விழுந்துவிட்டது என்றே முதலில் பலர் நினைத்தார்கள். வாயுவை நிறுத்த 95 நிமிடம் ஆனது, காரணம் அந்த இடத்தில் தானியங்கி வால்வு இல்லை. டியூட்டியில் இல்லாத இரண்டு மெக்கானிக்குகள் தாமாகவே கிளம்பிப் போய் கையால் மூடத் தொடங்கினார்கள். எல்லா விபத்திலும் கடைசியில் கையைக் கொடுப்பவர்கள் இவர்கள்தான்.

கண்காணிக்க வேண்டிய இடத்தில் கலிஃபோர்னியா பொதுப் பயன்பாட்டு ஆணையம் இருந்தது. இறந்த எட்டுப் பேரில் ஒருவர் அந்த ஆணையத்திலேயே வேலை பார்த்தவர். அதன் தலைவர் மைக்கேல் பீவி, முன்பு இன்னொரு பெரிய மின் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். விபத்துக்குப் பின் சான் புரூனோ நகராட்சி விடாமல் வழக்காடி ஆணையத்தின் மின்னஞ்சல்களை வாங்கியது. கட்டண வழக்கை எந்த நீதிபதிக்குக் கொடுப்பது என்பது வரை நிறுவன அதிகாரிகள் ஆணையத்தோடு பேசிக்கொண்டிருந்தது 2014இல் வெளியே வந்தது. அந்த ஆண்டு முடிவில் பீவி பதவியை விட்டுப் போனார். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 அறிக்கையிலேயே நிறுவனத்தோடு ஆணையத்தையும் மத்திய அமைப்பையும் சேர்த்துத்தான் குறை சொல்லியிருந்தது. தாத்தா விதியை நீக்கு என்றும் எழுதியது. 2015இல் ஆணையம் 160 கோடி டாலர் தண்டம் விதித்தது. வெளிச்சம் பட்டபின் வந்த வீரம்.

குற்றவியல் வழக்கு தனியாக நடந்தது. 2016 ஆகஸ்டில் ஜூரி ஆறு குற்றங்களை உறுதி செய்தது: ஐந்து குழாய்ப் பாதுகாப்புச் சட்ட மீறல்கள், ஒன்று விபத்து விசாரணையைத் தடுத்தது. ஜூரி கூடிப் பேசிக்கொண்டிருந்த வேளையில், 56.2 கோடி டாலர் அபராதம் கேட்டிருந்த அரசுத் தரப்பு அதை 60 லட்சமாகக் குறைத்துக்கொண்டது. தனி ஆளாக எந்த அதிகாரி மீதும் வழக்கு இல்லை.

அந்த வழக்கை விசாரித்த நீதிபதி தெல்டன் ஹென்டர்சன். கறுப்பர். பிறந்தது 1933இல், லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில். இளம் வழக்கறிஞராக நீதித்துறையின் குடியுரிமைப் பிரிவில் சேர்ந்த முதல் கறுப்பர்களில் ஒருவர். 1963இல் அலபாமாவில் மார்ட்டின் லூதர் கிங்கின் பயணத்துக்கு, அரசு செலவில் எடுத்த வாடகைக் காரைக் கொடுத்ததற்காக வேலையை விட்டு விலக நேர்ந்தது. வாக்குச்சாவடியின் தாத்தா விதியை எழுதிய மாநிலத்தின் பிள்ளை, குழாயின் தாத்தா விதிக்குப் பின்னால் ஒளிந்திருந்த நிறுவனத்துக்குத் தண்டனை சொல்ல உட்கார்ந்திருந்தார். 2017 ஜனவரியில் சட்டம் அனுமதித்த உச்சபட்ச அபராதத்தை விதித்தார். அது வெறும் 30 லட்சம் டாலர். அதனால் மற்றதையும் சேர்த்தார்: ஐந்தாண்டு கண்காணிப்பு, 10,000 மணி நேரச் சமூக சேவை, அதில் 2,000 மணி நேரத்தை மேலதிகாரிகளே செய்ய வேண்டும், குற்றவாளி என்பதை நிறுவனமே தன் காசில் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்ய வேண்டும்.

அந்தக் கண்காணிப்புக் காலம் முடியுமுன்பே, 2018 நவம்பரில், அதே நிறுவனத்தின் மின்கோபுரத்தில் சுமார் நூறாண்டுப் பழைய கொக்கி அறுந்து பாரடைஸ் நகரம் எரிந்தது. 84 பேரின் சாவுக்கு 2020இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

தாத்தா விதி என்ன ஆனது? 2019இல் மத்திய அரசு புதிய விதி வெளியிட்டது. மக்கள் வாழும் பகுதிகளில் இப்படித் தப்பிய குழாய்களைச் சோதித்தோ வேறு வழியிலோ அவற்றின் வரம்பை உறுதிசெய்ய வேண்டும். பாதியை 2028க்குள், முழுவதையும் 2035க்குள். தானாகவோ தொலைவிலிருந்தோ மூடும் வால்வுகளைக் கட்டாயமாக்கும் விதி 2022இல் வந்தது. அது புதிதாகப் போடும் குழாய்களுக்கும் மாற்றிப் போடும் குழாய்களுக்கும் மட்டும். ஏற்கெனவே புதைந்து கிடப்பவற்றுக்கு இல்லை.