செம்புள்ளியின் கதை

திரைப்படங்களில் எதிரியின் நெற்றியில் ஊர்ந்து செல்லும் சிவப்புப் புள்ளியை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அது லேசர் கதிர். அமெரிக்கப் பொலிஸார் பலர் இன்று தமது கைத்துப்பாக்கியின் மேல் பொருத்திக்கொள்ளும் 'ரெட் டொட்' குறிகாட்டியோ முற்றிலும் வேறானது. அதன் புள்ளி எவர் மீதும் விழுவதில்லை; சுடுபவரின் கண்ணுக்கு மட்டுமே தென்படும். செய்தி எழுதுபவர்கள்கூட இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

இதன் மூலக் கருத்து பிறந்தது போர்க்களத்தில் அல்ல, தொலைநோக்கி செய்யும் பட்டறையில். டப்ளின் நகரத்து ஹோவர்ட் கிரப் 1900 ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். (புனாவிலிருந்து 1912 இல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்த 20 அங்குலத் தொலைநோக்கியும் கிரப் நிறுவனத்தின் கைவண்ணமே.) ஒளிரும் குறியொன்றின் விம்பத்தை வில்லையின் துணையுடன் சாய்வான கண்ணாடியில் தெறிக்கச் செய்தால், அந்தக் குறி வெகுதொலைவில், இலக்கின் மேலேயே மிதப்பதுபோல் தோன்றும். பார்ப்பவரின் தலை சற்று அசைந்தாலும் குறி பிசகுவதில்லை. 1918 இல் ஜெர்மானியப் போர்விமானங்களில் இது இடம்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் எல்லாத் தரப்பு விமானிகளும் இதனூடாகவே குறிபார்த்தனர். ஆனால் காலாட்படை வீரன் சுமக்கக்கூடிய அளவுக்கு அது சிறுக்கவில்லை.

அந்தத் தேவையை உணர்த்திய சம்பவம் 1970 நவம்பரில் நிகழ்ந்தது. ஹனோய்க்கு மேற்கேயிருந்த சொன் தேய் சிறைமுகாமிலிருந்து அமெரிக்கக் கைதிகளை மீட்கச் சென்ற படையினர், இரவுப் பயிற்சியில் தமது சூடுகள் பல தவறிப்போவதைக் கண்டனர். சந்தையில் கிடைத்த 'சிங்கிள்பொயின்ற்' என்னும் குறிகாட்டியை வாங்கிப் பொருத்தினர். விசித்திரமான சாதனம் அது. அதனூடாக இலக்கைப் பார்க்க முடியாது. ஒரு கண் புள்ளியைப் பார்க்கும், மறுகண் இலக்கைப் பார்க்கும், இரண்டையும் மூளை ஒன்றாக்கிக்கொள்ளும். முகாமில் கைதிகள் எவரும் இருக்கவில்லை என்பது வேறு கதை.

1975 இல் சுவீடனின் எயிம்பொயின்ற் நிறுவனம் மின்கலத்தில் இயங்கும் குறிகாட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1997 இல் அமெரிக்க இராணுவம் அந்நிறுவனத்தின் தயாரிப்பைத் தன் ரைபிள்களுக்குத் தேர்ந்தெடுத்தது. இதற்கிடையே, 1990 இல் அடிலெய்ட் நகரில் நடைபெற்ற உலகக் கைத்துப்பாக்கிச் சுடுபோட்டியில் டக் கோனிக் செம்புள்ளிக் குறிகாட்டியுடன் வென்றார். போட்டிக்களத்தில் விவாதம் அத்தோடு முடிந்தது. எனினும் அன்றைய குழாய் வடிவக் குறிகாட்டியைப் பொருத்திய துப்பாக்கி, இடுப்புறையில் அடங்காது.

இரும்புக் குறிகளில் கண் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். அருகில் பின்குறி, கைநீளத்தில் முன்குறி, அப்பால் இலக்கு. மூன்றையும் ஒரே வேளையில் தெளிவாகக் காண மனிதக் கண்ணால் இயலாது. நாற்பது வயதைக் கடந்தவருக்கோ முன்குறியே மங்கும். ஆகவே முன்குறியைப் பார், இலக்கு மங்கினால் மங்கட்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் போதித்தனர். மங்குவது காகித அட்டையானால் நட்டமில்லை. எதிரே நிற்பவர் மனிதரானால்? அவர் கையிலிருப்பது துப்பாக்கியா, தொலைபேசியா என்று தீர்மானிக்க வேண்டிய கணத்தில் அந்தக் கைதான் மங்குகிறது. செம்புள்ளியோ இலக்கின் தளத்திலேயே தோன்றுவதால் இரு கண்களையும் திறந்து எதிரே இருப்பவரையே பார்க்கலாம். இதன் சார்பில் சொல்லப்படும் வாதங்களுள் வலிமையானது இதுவே என்பது என் எண்ணம். வேகம், துல்லியம் எல்லாம் இதற்குப் பின்னர்தான். அதேவேளை, தெளிவாகத் தெரிவதைச் சரியாக விளங்கிக்கொள்ளும் வேலையைக் கண்ணாடி செய்துவிடாது.

அடுத்த தடை இயந்திரவியல் சார்ந்தது. கைத்துப்பாக்கியின் மேற்பகுதி ஒவ்வொரு சூட்டிலும் பின்னோக்கிப் பாய்ந்து திரும்பும். அதன்மேல் அமரும் மின்னணுச் சாதனம் அந்த அதிர்ச்சியை ஆயிரக்கணக்கான முறை தாங்க வேண்டும். 2009 இல் வெளிவந்த ட்ரைஜிகொன் ஆர்.எம்.ஆர். அதைத் தாங்கியது, எடை சுமார் 34 கிராம் மட்டுமே. தொடக்கத்தில் துப்பாக்கித் திருத்துநர்கள் மேற்பகுதியைக் குடைந்து அதைப் பொருத்திக் கொடுத்தனர். 2015 இல் கிளொக் நிறுவனம் அதற்கென வெட்டப்பட்ட மாதிரிகளையே வெளியிட்டது. 2017 ஜனவரியில் அமெரிக்க இராணுவம் தெரிவுசெய்த சிக் சவர் கைத்துப்பாக்கியிலும் குறிகாட்டிக்கு இடம் விடப்பட்டிருந்தது. திறந்த கண்ணாடியில் மழைத்துளியோ தூசோ படிந்து ஒளிமூலத்தை மறைப்பது குறையாகவே இருந்துவந்தது. 2019 இல் எயிம்பொயின்ற் முழுவதும் மூடிய 'அக்ரோ'வைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில், மறைத்து எடுத்துச்செல்லும் சிறு துப்பாக்கிகளிலும் இந்த வசதி வரத் தொடங்கியது.

பழகியவர்களுக்கும் ஆரம்பத்தில் நேர்வது ஒன்றுண்டு. துப்பாக்கியை உயர்த்துகிறார்கள், கண்ணாடியில் புள்ளியைக் காணவில்லை. மணிக்கட்டு சற்றுக் கோணினாலும் அது கண்ணாடியின் விளிம்புக்கு வெளியே போய்விடும். இரும்புக் குறியில் இந்தக் கோணல் கண்ணுக்குப் புலப்பட்டுத் திருத்தப்படும். இங்கு வெறுமைதான் தெரியும். ஆகையால் பல பொலிஸ் திணைக்களங்கள் தனிப் பயிற்சியை முடித்தவர்களுக்கே இதை அனுமதிக்கின்றன. பெரும்பாலானோர் உயரமான இரும்புக் குறிகளையும் கழற்றாமல் வைத்திருக்கின்றனர். கடமைக்குப் புறப்படும் முன் புள்ளி எரிகிறதா என்று பார்ப்பது அவர்களது அன்றாட வேலைகளுள் ஒன்றாகிவிட்டது.